விட்டுப்போன ஆறு வரிகள்

ஐயர் இன்னும் படகை விட்டு இறங்கவில்லை. பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடல் கொந்தளிக்கிறது, சீஷர்கள் கூப்பாடு போடுகிறார்கள், இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். அவரை யாரும் எழுப்பிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுப்பினால் காற்று அடங்கிவிடும், காற்று அடங்கினால் பிரசங்கம் முடிந்துவிடும், பிரசங்கம் முடிந்தால் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, மைக்குக்கு முன்னால் போய் நின்று, சபை தன் நம்பிக்கையை ஒரே குரலில் அறிக்கையிடுகிற விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக்கொடுக்க வேண்டும். இது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் செய்கிற வேலை. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம், பூணூல் இல்லாத ஐயர். அவருக்குக் கீழே உபதேசியார். அந்த உபதேசியார் நான், மாசிலாமணி, பதினோரு வருடமாக. ஐயருக்குப் பிரசங்கபீடம், எனக்கு அதன் அடியில் ஜனங்களைப் பார்த்துப் போட்ட இந்த நாற்காலி. முதுகுப்பலகை தலைக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்கும். சாய்ந்தால் அதில் செதுக்கியிருக்கும் திராட்சைக்குலை தோளில் குத்தும், சாயாமல் இருந்தால் நான் பதற்றமாக இருக்கிறேன் என்று சபைக்குத் தெரிந்துவிடும். ஆகவே பாதி சாய்ந்திருக்கிறேன். அங்கிக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்பில் தேங்குகிறது. மின்விசிறி ஐயருக்கு மேல் சுற்றுகிறது. ஆண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் பொன்னுத்துரை சார் மடியில் ஜெபப்புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். பிரசங்க நேரத்தில் யாரும் ஜெபப்புத்தகத்தை விரித்து வைப்பதில்லை. எந்தப் பக்கம் என்று இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், தூணுக்கு அடுத்து, பியூலா. என் மனைவி. முக்காடு நெற்றி வரை இழுத்துவிட்டிருக்கிறாள். அவள் ஐயரைப் பார்க்கிறாளா என்னைப் பார்க்கிறாளா என்பதை நான் பார்க்காமல் இருக்கிறேன்.

போன மாதம் முதல் ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிற்றில்தான் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும், திருவிருந்து உண்டென்றால் நிசேயா பிரமாணம். எங்கள் சபையில் அதைப் பெரிய பிரமாணம் என்பார்கள். மற்ற ஞாயிறுகளில் அப்போஸ்தலர் பிரமாணம், அது சின்னது. இரண்டும் ஒரே மாதிரி தொடங்கும். வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, அவருடைய ஒரே பேறான குமாரன் இயேசு கிறிஸ்து, அதுவரை ஒரே ரோடுதான். அந்த இடத்தில்தான் பிரியும். சின்னது நேராகக் கன்னிமரியாளிடம் போய்விடும். பெரியது அப்படிப் போகாது, உலகங்களுக்கெல்லாம் முந்தின காலத்துக்கு ஏறும். அவர் தேவனிலிருந்து வந்த தேவன், ஒளியிலிருந்து வந்த ஒளி, படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மை உடையவர், இப்படி ஆறு வரி சுற்றிக்கொண்டுதான் கீழே இறங்கி மரியாளிடம் வரும். போன மாதம் நான் அந்தப் பிரிவில் நேராகப் போய்விட்டேன். வாய் போய்விட்டது. "பரிசுத்த ஆவியினாலே கன்னி மரியாளிடத்தில்" என்று என் சத்தம் மைக்கில் கேட்டபோது நிறுத்தலாம் என்று நினைத்தேன், நினைப்பதற்குள் சபை முழுக்க என் பின்னால் வந்துவிட்டது. ஒருவரும் தடுமாறவில்லை. கிழவர்கள், பிள்ளைகள், பாடகர் குழு, ஆர்மோனியத்தில் இருக்கிற அம்மா, எல்லாரும் மாடு பழகின வழியில் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி நிம்மதியாக வந்தார்கள். ஐயர்கூட வந்தார். ஆமென் சொல்லி உட்கார்ந்தோம். பொன்னுத்துரை சார் மட்டும் உட்காரவில்லை. விரல் புத்தகத்தில் அந்த ஆறு வரியின் மேலேயே நிற்க, கண்ணாடிக்கு மேல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டவர். ஆராதனை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார். "உபதேசியாரே, வருத்தப்படக் கூடாது. கர்த்தர் கன்னி வயித்துல வாரதுக்கு முந்தி எங்க இருந்தாருங்கத இன்னைக்கு நீரு சொல்லவேயில்லயே." "வாய் தவறிட்டு சார்." "உமக்குத் தவறும். நூத்தி எம்பது பேருக்கும் ஒண்ணாத் தவறுமா?" நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. கோயில்குட்டி யாக்கோபு, மணியடித்துக் கோயிலைப் பூட்டித் திறக்கிறவன், அவனும் சிரித்தான். "ஆறு வரி மிச்சம் பண்ணிக் குடுத்தீரே, மாசாமாசம் செய்யும் வே. எறைச்சிக் கடைக்குக் கூட்டத்துக்கு முந்திப் போயிரலாம்." பொன்னுத்துரை சார் சிரிக்கவில்லை. அந்த வாரமே பேராயருடைய திருமண்டல அலுவலகத்துக்கு மனு போய்விட்டது. கர்த்தருடைய தெய்வத்துவத்தைச் சபையின் வாயிலிருந்து உபதேசியார் திட்டமிட்டு எடுத்துவிட்டார் என்று. இந்த வருடம் குருப்பட்டம் பெற்று ஐயராகிறவர்கள் பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது.

திட்டமிட்டு. இந்தச் சொல்தான் நாலு வாரமாகக் காலில் முள்ளாக இருக்கிறது. திட்டமிடவில்லை. சத்தியமாகத் திட்டமிடவில்லை. மூன்று ஞாயிறு சின்னதைச் சொல்லி நாக்குப் பழகிவிடுகிறது, நாலாவதில் பழக்கம் இழுத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட இழுக்கவில்லையே. பதினோரு வருடம் இல்லை, ஒன்பது. கடைசி இரண்டு வருடத்தை வேறாகத்தான் எண்ண வேண்டும். எங்கள் மகள் ஹெப்சி போன பிறகு ஒவ்வொரு முதல் ஞாயிறும் அந்தப் பிரிவு வரும்போது கால் பெருவிரலை மடக்கிக்கொள்வேன், கிணற்று விளிம்பில் நிற்கிறவன் மாதிரி. மடக்கிக்கொண்டு சொல்லிவிடுவேன். போன மாதம் விரலை மடக்கினேனா? மடக்கின ஞாபகம் இல்லை. அப்படியென்றால் கவனக்குறைவு. இல்லை, மடக்க வேண்டியதே இல்லை என்று ஏதோ ஒன்று முன்கூட்டியே அறிந்திருந்ததா. ஐயர் நேற்றுக் காலை கூப்பிட்டு அனுப்பினார். காப்பியை ஆற்றிக்கொண்டே பேசினார். "நாளைக்கும் முதல் ஞாயிறு, பெரிய பிரமாணத்தை நீரே சொல்லும். வேற ஆள வச்சுச் சொல்ல வச்சா, அவரு எழுதினது நெசம்னு ஆயிரும். சத்தமா, நிறுத்தி, வரி வரியாச் சொல்லும். பொன்னுத்துரை சார் காதால கேக்கட்டும். திங்கக்கிழமை நான் கடுதாசி எழுதி அனுப்பிருதேன். அதோட குளோஸ்." "சரி ஐயா." "ஒண்ணு கேக்கேன் வே. வாய் தவறினதுதான?" "வாய் தவறினதுதான் ஐயா." "போதும். மனசுக்குள்ள கெடக்கதை நான் கேக்கல. அதுக்கு எனக்கு அதிகாரமும் கெடையாது." நல்ல மனிதர். அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேனோ, அழுதிருப்பேனோ, ஏதாவது ஒன்று முடிந்திருக்கும். அவர் கதவைத் திறந்து காட்டிவிட்டு, இதற்குள் நான் வர மாட்டேன் என்று மரியாதையாகச் சாத்திவிட்டார். நான் உள்ளேயே இருக்கிறேன். மரியாதையான மனிதர்களுக்கு நடுவில் இருக்கிறவனுக்கு வெளியே வர வழியே கிடையாது.

"சீஷர்கள் கேட்டார்கள்," ஐயர் குரலைத் தாழ்த்துகிறார், "போதகரே, நாங்க சாகப்போறோம், உமக்குக் கவலையே இல்லையா?" பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. தாய் வளையலைக் கழற்றிக் கையில் கொடுக்கிறாள். இரண்டு வருடம் சாயங்கால வகுப்புக்குப் போய் வேதசாஸ்திரம் படித்தபோது திருச்சபை வரலாற்றுத் தாளில் ஒரு கேள்வி வந்தது, அரியுஸின் போதனையை விளக்கி அதை மறுக்கவும் என்று. நான் மூன்று பக்கம் விளக்கினேன், அரைப் பக்கம் மறுத்தேன். திருத்தினவர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அப்போது ஹெப்சி பிறக்கவில்லை. அப்போது அது எனக்கு வெறும் தாள்தான். அலெக்சாந்திரியா துறைமுகத்தில் ஒரு கிழக் குருவானவர். நெட்டையானவர், மெல்லிய குரல் என்று எழுதியிருந்தார்கள். பிதாவுக்குத் தொடக்கம் இல்லை, குமாரன் பிறந்தவர், பிறந்தவர் என்றால் பிறக்காத ஒரு நிலை இருந்திருக்க வேண்டும், ஆகவே குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனாலும் பிதா அல்ல, பிதாவுக்குச் சமம் அல்ல என்றார். அதைப் பாட்டாகக் கட்டினார். கப்பல்காரர்கள் பாடிக்கொண்டு போனார்கள். ஊர் இரண்டாயிற்று, பிறகு தேசம் இரண்டாயிற்று. ரோமாபுரியின் ராயர் நிசேயாவில் சங்கம் கூட்டினார். முந்நூறு கண்காணிகள், இன்றைய சொல்லில் பேராயர்கள், வந்தார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி ஒரு கண்ணைப் பிடுங்கியும் மறுதலிக்காதவர் ஒருவர் அதில் இருந்தார். சங்கம் முடிவில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடாதவனுக்கு நாடுகடத்தல். இரண்டே இரண்டு பேர்தான் போடவில்லை. பாலைவனத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். படித்தபோது அந்த இரண்டு பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சின்ன வயது, வீரம் பிடித்திருந்தது. இப்போது நினைப்பில் வருகிறவர் வேறொருவர், செசரியாவின் கண்காணி. முதலில் யோசித்தார், பிறகு போட்டார். போட்டுவிட்டுத் தன் சபைக்குக் கடிதம் எழுதினார், நான் எந்த அர்த்தத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றால் என்று. ஊருக்குத் திரும்பினால் முகத்தில் விழிக்க வேண்டும் அல்லவா. எனக்கும் கையெழுத்துப் போடுவதில் கஷ்டம் இல்லை. கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை. எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று யாருக்கு எழுதுவேன். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவளுக்குத்தான் தெரியக் கூடாது.

காய்ச்சல் நாலு நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஹெப்சி கண்ணைத் திறந்து, "அப்பா, ஜெபம் பண்ணியாச்சா?" என்று கேட்டாள். ஆறு வயது. "பண்ணியாச்சும்மா." "அவரு என்ன சொன்னாரு?" ஊரில் எல்லார் வீட்டு நோயாளிக்கும் ஜெபம் பண்ணுகிறவன் நான். எவ்வளவோ பேர் குணமாகியிருக்கிறார்கள், எவ்வளவோ பேர் போயிருக்கிறார்கள், ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பெரியவர்கள் கேட்க மாட்டார்கள், அது மரியாதை இல்லை. "தூங்கச் சொன்னாரு," என்றேன். தூங்கினாள். அவள் என் சொல்லை அவர் சொல் என்று எடுத்துக்கொண்டாள். அடக்கம் ஆன பிறகு பல மாதம் நான் வேதத்தை வேலைக்காகத்தான் திறந்தேன், பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க, வீட்டு ஜெபத்துக்கு வசனம் தேட. அப்படி ஒரு நாள் கெத்செமனே தோட்டம் வந்தது. அதற்கு முன்னால் ஐம்பது தடவை பிரசங்கித்த இடம். இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும் என்று அவர் கேட்கிறார். மூன்று தடவை கேட்கிறார். முகங்குப்புற விழுந்து கேட்கிறார். பதில் இல்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு வந்தது துக்கம் இல்லை. ஆறுதல். இவருக்கும் பதில் வரவில்லை. ஒரே வாசலில் இரண்டு பேர் நிற்கிறோம். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் பண்ண முடிந்தது. அவரிடம் எதையும் கேட்பதில்லை. கேட்டுக் கிடைக்காத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருப்போம். அவ்வளவுதான் என் விசுவாசம், இரண்டு வருடமாக இதை வைத்துத்தான் ஓடுகிறது. பெரிய பிரமாணத்தின் ஆறு வரி அங்கேதான் வந்து மோதுகிறது. வாசலுக்கு வெளியே நின்று தட்டுகிறவரும் உள்ளே இருந்துகொண்டு திறக்காதவரும் ஒரே தன்மை என்றால் அந்தத் தட்டலுக்கு என்ன பொருள். அவர் அவரையே கேட்டு அவரே பதில் சொல்லாமல் இருந்தாரா. அப்படியானால் தோட்டத்தில் விழுந்து கிடந்தது யார். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார். ஒரே தன்மை என்று சொல்லும்போது அவர் எழுந்து, துணியைத் தட்டிவிட்டு, வாசலைத் திறந்து உள்ளே போய்விடுகிறார். நான் வெளியே தனியாக இருக்கிறேன். ஒவ்வொரு முதல் ஞாயிறும் என் வாயாலேயே அவரை உள்ளே அனுப்புகிறேன்.

இதெல்லாம் வேதசாஸ்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் பேச்சு. பொன்னுத்துரை சார் ஒரே நிமிடத்தில் பதில் சொல்லுவார், ஐயர் அரை நிமிடத்தில். இதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். "தூங்கினது மனுஷன். எழும்பி அதட்டினது தேவன். ரெண்டும் ஒரே ஆள். இதுதான் பரம ரகசியம்." சொல்லும்போது பிரசங்கபீடத்தின் விளிம்பைத் தட்டுகிறார். எனக்காகத்தான் தட்டுகிறார், அன்பாகத் தட்டுகிறார். படகில் இருந்தவர்கள் எழுப்பினார்கள், எழுந்தார். எழுப்பியும் எழாத படகுகளைப் பற்றி எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. முழங்கால் மரத்துவிட்டது. காலை மாற்றினால் அங்கியின் ஓரம் நாற்காலியின் அடியில் சிக்கும். சிக்கியிருக்கிறது ஏற்கெனவே. எழுந்திருக்கும்போது ஞாபகமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து விழுந்து, அதையும் அடையாளம் என்பார்கள். அரியுஸ் விழுந்து செத்தாராம். திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, மறுநாள் ஆராதனைக்கு வர வேண்டியவர், தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொதுக் கழிப்பிடத்தில் ஒதுங்கி, அங்கேயே குடல் சரிந்து. தேவ நீதி என்று எதிராளிகள் எழுதி வைத்தார்கள். வயதான மனிதர், வயிற்றுப்போக்கு. வேறு யார் எழுதுவார்கள், அவர் பக்கத்து ஆட்கள் எழுதினதையெல்லாம் எரித்தாகிவிட்டது. என் வயிற்றில் சரிவதற்கு அதிகம் இல்லை. காலையில் இட்லி இரண்டுதான் சாப்பிட்டேன். பியூலா மூன்றாவதை வைத்தாள், வேண்டாம் என்றேன், "மைக்குக்கு முன்னால மயங்கி விழுந்துராதீங்க," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் எதையும் சாதாரணமாகத்தான் சொல்லுவாள். நேற்றுச் சாயங்காலம் இந்த அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தலையைத் தூக்காமல் கேட்டாள். "நாளைக்கு ஒழுங்காச் சொல்லிருவீங்களா?" "சொல்லிருவேன்." "அப்ப சரி." அப்ப சரி என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று படுக்கும்வரை எண்ணிப் பார்த்தேன்.

அடக்கம் ஆன மறுநாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். ஹெப்சியின் பள்ளிக்கூடச் சட்டை ஊறப்போட்டபடி வாளியில் கிடந்தது, காய்ச்சலுக்கு முந்தின நாள் போட்டது. பியூலா அதைத் துவைத்தாள். துவைத்துப் பிழிந்து, கொடியில் போட்டு, கிளிப்பு மாட்டிவிட்டு, நான் பின்னால் நிற்பது தெரிந்து சொன்னாள். "அவரு தேவன்ங்க. அது ஒண்ணுதான் இப்ப எனக்கு. நல்ல மனுஷன், பெரிய தூதன்னா நான் என்னத்த நம்பிப் பிள்ளைய விடுவேன். பிள்ள தேவன் கையில இருக்குன்னா சரி, யாரும் பறிச்சிர முடியாது." எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, துக்கத்துக்கு நடுவிலும். அரியுஸை எதிர்த்து நின்ற அத்தனாசியு ஐந்து தடவை ஊரைவிட்டு ஓட்டப்பட்டும் விடாமல் சொன்னது இதைத்தான். படைக்கப்பட்ட ஒருவர் படைக்கப்பட்ட நம்மைக் காப்பாற்ற முடியாது, தேவனால்தான் முடியும் என்று அவர் புத்தகம் புத்தகமாக எழுதினார். இவள் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. பேச என்ன இருக்கிறது. அவளுக்கு அவர் தேவனாக இருந்தால்தான் பிள்ளை பத்திரம். எனக்கு அவர் தேவனாக இல்லாமல் இருந்தால்தான் துணை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, பதினேழு நூற்றாண்டுக்கு முந்திய சண்டை, அதில் ஒரு பக்கத்துக்குத் தெரியவே தெரியாது எதிர்ப்பக்கம் இருக்கிறதென்று. அந்தப் பக்கமே எனக்குச் சாப்பாடு போட்டுக்கொடுக்கும், தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடும். நான் என் ஆறுதலை வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவள் பிள்ளை கையிலிருந்து விழுந்துவிடும். யார் கையிலிருந்து என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால்தான் போன மாதம் நடந்ததற்குப் பொன்னுத்துரை சாரை நினைத்துப் பயப்படவில்லை. பட்டியலில் ஏழாவது பெயர் போனால் போகட்டும், எட்டாவது ஆள் மேலே வருவான், இந்த உபதேசியார் வீட்டிலேயே கிடந்துவிட்டுப் போகிறேன். அது வெறும் வாய் தவறல் இல்லை என்று அவள் கண்டுபிடித்திருப்பாளோ என்றுதான் நாலு வாரமாகப் பயம். ஆகவே இன்று சொல்ல வேண்டும். சபைக்காக இல்லை, ஐயருடைய கடிதத்துக்காக இல்லை. மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருத்திக்காக, அவளுக்குப் பிடிமானமாக இருக்கிற ஆறு வரியை என் வாயால் உறுதியாகச் சொல்லிக் கேட்கச் செய்ய வேண்டும். பொய்யா அது. தூங்கச் சொன்னாரு என்றது பொய்யா.

காற்று அடங்கிவிட்டது. நான் கவனிக்காமல் இருந்தபோது யாரோ அவரை எழுப்பிவிட்டார்கள். கடல் அமைதியாகி, சீஷர்கள் ஒருவரையொருவர் பார்த்து, இவர் யாரோ என்று சொல்லிக்கொண்டதோடு ஐயர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று முடிக்கிறார். சபை எழும்புகிறது. நூற்றெண்பது பேர் எழும்புகிற சத்தம், பெஞ்சு நகர்கிற சத்தம், சேலை உரசுகிற சத்தம். அங்கியை நாற்காலிக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் ஐயரும் நானும் பாடகர் குழுவும் கிழக்கே திரும்பிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம், எங்கள் முதுகைத்தான் சபை பார்க்கும். இன்று யாக்கோபு மைக்கை ஜனங்களைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறான். ஐயர் சொல்லியிருப்பார், எல்லாரும் பார்க்கட்டும் என்று. பதினோரு வருடத்தில் முதல் தடவையாகப் பிரமாணம் சொல்கிறபோது சபையின் முகத்தைப் பார்த்து நிற்கிறேன். இத்தனை வாய்கள். தொடங்கினேன். குரல் வந்தது, நன்றாகவே வந்தது. வானம், பூமி, பிதா. ஒரே பேறான குமாரன். பிரிவு வந்தது. பெருவிரல் மடங்கியது. மேலே ஏறினேன். தேவனிலிருந்து வந்த தேவன் என்றேன், சபையும் சொன்னது. ஒளியிலிருந்து வந்த ஒளி. வரி வரியாக, நிறுத்தி. பொன்னுத்துரை சாரின் தலை ஒவ்வொரு வரிக்கும் அசைந்தது. பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று சொல்லிக்கொண்டே, இது யாருக்காகவோ அவளைப் பார்க்கலாம் என்று, பார்த்தேன்.

பியூலாவின் வாய் மூடியிருந்தது. முதலில் முக்காட்டின் நிழல் என்று நினைத்தேன். நிழல் இல்லை. பக்கத்துப் பெண்களின் உதடுகள் எல்லாம் அசைகின்றன, அவளுடையது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளுடையதைப் போல மூடியிருக்கிறது. மறந்துவிட்டாளா. மனப்பாடமாகத் தெரிந்தவள், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கினவள். என் வாய் நிற்காமல் சொல்லிக்கொண்டு போகிறது, எல்லாம் அவர் மூலமாகப் படைக்கப்பட்டது, மனிதராகிய நமக்காகப் பரலோகத்திலிருந்து இறங்கினார், அவள் வாய் திறக்கவில்லை. கன்னி மரியாள், திறக்கவில்லை. எத்தனை மாதமாக. நான் பீடத்தைப் பார்த்து நின்ற இரண்டு வருடமும் முதுகுக்குப் பின்னால் பெண்கள் பக்கத்துச் சத்தத்தில் ஒன்று அவளுடையது என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சிட்டே," என்றாள், அவ்வளவுதான் கேட்டாள், ஏன் என்று கேட்கவில்லை. ஆறு வரி போனது அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. பரிசு வாங்கினவள், கூடச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அவளுக்காவது தெரிந்திருக்கும். கொடியில் சட்டையை மாட்டிவிட்டுச் சொன்னது அன்றைக்குச் சொன்னது. அன்றைக்குச் சொன்னதை நான் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அதற்குக் காவல் இருந்திருக்கிறேன். சிலுவையில் அறையப்பட்டார், பாடுபட்டார் என்று வந்துவிட்டேன். அடக்கம்பண்ணப்பட்டார் என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அவள் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. சபையோடு சேர்ந்து, தப்பாமல், அடக்கம்பண்ணப்பட்டார் என்று அவளும் சொன்னாள். அதற்கு மேல் மூடிக்கொண்டது. இந்த இடத்தில் ஒரு மூச்சு விடுவது வழக்கம். சபை விட்டது. அடுத்தது, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பது. நான் எடுத்துக்கொடுத்தால்தான் அவர்கள் சொல்வார்கள். நூற்றெண்பது பேரும் வாயைப் பாதி திறந்தபடி நிற்கிறார்கள், ஐயர் லேசாக என் பக்கம் திரும்புகிறார். இதைச் சொல்லுகிறவர்களுக்கெல்லாம் நடுவில் நின்று, சொல்லாத ஒருத்தி முக்காட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.